மூக்கு வைத்த வட்டம்

சல்லடைத் தட்டு விழவில்லை. மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது, மறுபடி ஏறியது. தொட்டிலில் கிடக்கும் குழந்தையை யாரோ தூங்க வைப்பதைப் போல அவ்வளவு பதமாக ஆடிக்கொண்டிருந்தது. அதன்மேல் கொட்டிய மல்லாட்டை உடைந்து, பருப்பும் ஓடுமாகத் தட்டின் நடுவில் ஒன்றாகவே குவிந்து கிடந்தது. பக்கத்தில் விசிறி வீணாகச் சுற்றியது. பருப்பும் ஓடும் குதித்து எழுந்தால்தானே காற்று ஓட்டை மட்டும் அடித்துக்கொண்டு போகும்?

சுப்பராயலு மோட்டாரை நிறுத்தச் சொன்னார். விழுப்புரத்தில் கோலியனூர் சாலையில் மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்லும் வேர்க்கடலையை உடைக்கும் மெஷின் செய்து விற்கிற பட்டறை அவருடையது.

"இன்னாய்யா இது, தாலாட்டுது? ராஜாங்கம், இன்னா பண்ணி வெச்சிக்கிறே?"

கடைசல் பிடிக்கும் ராஜாங்கம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "நான் இன்னா மொதலாளி பண்றது? கம்ப்யூட்டர்ல எப்டி வரைஞ்சி வந்துதோ அப்டியே வெட்டிக்கிறேன். ஒரு நூலு மாத்தல."

"மூக்கு கூரா இருக்கணும்னு உனுக்குத் தெரியாதா? பதினஞ்சி வருசமா வெட்டிக்கினு இருக்கியே!"

"தெரியும். படத்தப் பாத்ததுமே கை நின்னுபோச்சி. அப்பறம் நெனச்சேன், கம்ப்யூட்டருக்குத் தெரியாதது நமக்கு இன்னா தெரிஞ்சிடப் போவுது, எதுனா காரணம் இருக்கும்னு. வாய மூடிக்கினு வெட்டிட்டேன்."

இருவரும் ஒரே நேரத்தில் தையல்நாயகியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் படத்தை வரைந்தவள் அவள்தான். டிப்ளமோ முடித்து, பட்டறையில் படம் வரைகிற வேலைக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. தட்டைத் தூக்கிப் போடுவது ஒரு கனமான இரும்பு வில்லை. பட்டறையில் அதற்குக் கேம் என்று பெயர். சுற்றும் தண்டில் மாட்டியிருக்கும். முழு வட்டமாக இருக்காது. ஒரு பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்துக்கொண்டே போய், ஓரிடத்தில் கூராக மூக்கு வைத்து, அங்கிருந்து சட்டென்று உள்ளே சரிந்துவிடும். அது சுற்றச் சுற்ற அதன்மேல் உட்கார்ந்திருக்கும் தட்டு மெதுவாக ஏறும். மூக்கைத் தாண்டியதும் பிடிமானம் விட்டு 'டக்'கென்று விழும். அந்த விழுகையில்தான் மெஷினின் உயிரே இருக்கிறது.

இத்தனை காலமும் ராஜாங்கம் ஒட்டுப்பலகை அச்சு ஒன்றை வைத்து அதைக் கையால் வெட்டினார். மூக்கு கூராகத்தான் வரும். ஆனால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. ஒரு மெஷின் இருமும், ஒன்று விக்கும், கெடார் கிராமத்துக்குப் போன ஒன்று பருப்பையும் சேர்த்துக் காற்றில் பறக்க விட்டது. இப்போது விவசாயிகள் சங்கம் ஒன்று மொத்தமாக மெஷின் வாங்க நினைத்திருந்தது. அடுத்த புதன்கிழமை வந்து ஓட்டிப் பார்ப்பார்கள். பிடித்துவிட்டால் எல்லா மெஷினுக்கும் கேமை ஒரே அச்சில் வார்த்து வாங்கவேண்டும். வார்ப்படக்காரர்கள் கேட்டது சுத்தமான படம்.

கம்ப்யூட்டரில் வரையலாம் என்று சொன்னது தையல்நாயகி. திண்டிவனத்தில் கம்ப்யூட்டரில் படம் வரையக் கற்றுத்தரும் ஒரு சென்டர் திறந்திருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் அங்கே போய்வந்துகொண்டிருந்தாள். 1989-இல் அந்தப் பக்கத்தில் அது ஒரு பெரிய சங்கதி.

"பாரு தையலு," என்றார் சுப்பராயலு. அவர் கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை, சலிப்பாகப் பேசினார். "ஆபீஸ்ல போனு பாத்துக்கினு இருந்த காந்திமதி கல்யாணம்னு நின்னுட்டுது. அந்த சீட்டு காலி. நாளைக்கி உன் திண்டிவனம் நாளு. போய்ட்டு வா. சனிக்கெழம சாயங்காலத்துக்குள்ள இந்தத் தட்டு விழுந்தா சரி. விழலன்னா திங்கக்கெழமலேருந்து நீ போன்கிட்ட குந்திக்கோ. படமெல்லாம் வேணாம், ராஜாங்கம் பழைய மாதிரியே பாத்துக்கட்டும்."

"சரிங்க சார்," என்றாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. முண்டியம்பாக்கத்தைத் தாண்டும்போது கரும்புப்பாகின் வாசனை உள்ளே வந்து, விக்கிரவாண்டிவரை கூடவே பயணம் செய்தது. தையல்நாயகி மடியில் கட்டம்போட்ட நோட்டை விரித்து வைத்திருந்தாள். நடுப்புள்ளியிலிருந்து ஒவ்வொரு கோணத்துக்கும் எவ்வளவு தூரம் என்று பன்னிரண்டு புள்ளிகள். எல்லாம் சரியாகவே இருந்தன. இருபது தடவை சரிபார்த்துவிட்டாள். புள்ளிகளில் பிழை இல்லை என்றால் பிழை எங்கே? எங்கிருந்தோ யாரோ போட்ட கடிதம் முகவரி மாறி வந்து கையில் கிடப்பதுபோல் இருந்தது அவளுக்கு. எழுத்தெல்லாம் தெளிவாகப் படிக்க முடிகிறது. யாருக்கு, எதற்கு என்பதுதான் புரியவில்லை.

சென்டர் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. செருப்பை வெளியே விடவேண்டும். உள்ளே குளிரூட்டிய அறை, இரண்டு கம்ப்யூட்டர், மூலையில் பேனா பிடித்துத் தானே வரையும் ப்ளாட்டர். அந்த அறைக்குள் நுழையும்போதெல்லாம் தையல்நாயகிக்கு வேறொரு தேசத்தில் கால் வைக்கிற மாதிரி இருக்கும். வெளியே வெயில் தாரை உருக்கிக்கொண்டிருக்க, உள்ளே மட்டும் ஒரு குளிர்காலம்.

அதை நடத்தியவர் சக்கரபாணி. பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். நல்லவர், ஆனால் சட்டம் அதிகம். கையைத் துடைக்காமல் கீபோர்டைத் தொடக்கூடாது. அறைக்குள் இருமக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சட்டம்: எந்த உருவத்தை வரைந்தாலும் கடைசியில் C என்ற எழுத்தைத் தட்டி அதை மூடவேண்டும். ஆரம்பத்தில் ஒரு மாணவன் மூடாமல் விட்ட படத்தில் உள்ளே போட வேண்டிய கோடுகள் இடுக்கு வழியாக வெளியே கசிந்து திரை முழுக்க ஓடிவிட்டனவாம். அன்றிலிருந்து அவர் வகுப்பில் C போடாதவன் மாணவனே இல்லை.

தையல்நாயகிக்கு ஒரு மணி நேரம். பன்னிரண்டு புள்ளிகளையும் அடியிலிருந்து தொடங்கி வரிசையாகக் கொடுத்தாள். C தட்டினாள். திரையில் பன்னிரண்டு நேர்கோடுகளால் ஆன ஒரு மாங்காய் நின்றது. மூக்கு கூராகத்தான் இருந்தது. ஆனால் மற்றப் பதினோரு மூலைகளும் அதேபோல் துருத்திக்கொண்டிருந்தன. இப்படி வெட்டினால் தட்டு கட்டைவண்டி மாதிரி கடகடக்கும். ஆகவே கோடுகளை வளைவாக்கச் சொல்லும் கட்டளையைக் கொடுத்தாள். ஃபிட் என்று அதற்குப் பெயர். கம்ப்யூட்டர் ஒரு கணம் யோசித்தது. பிறகு எல்லா மூலைகளையும் அழகாக வழித்து உருட்டியது, மூக்கையும் சேர்த்து. பென்சில் நுனி இருக்கவேண்டிய இடத்தில் கட்டைவிரல் நுனி.

மூக்குக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு புள்ளிகள் சேர்த்துப் பார்த்தாள். மூக்கின் மேல் ஒரு பரு முளைத்தது. நான்கு சேர்த்தாள். பரு சின்னதானது, போகவில்லை. ஒன்று பன்னிரண்டு மூக்கு, இல்லாவிட்டால் ஒன்றுகூட இல்லை. இதற்கு நடுவில் ஒரு வழியை இந்தப் பெட்டி வைத்திருக்கவே இல்லையா?

"சார், ஒரு மூலைய மட்டும் கூரா விடறதுக்கு எதுனா வழி இருக்கா?"

சக்கரபாணி தலையைச் சாய்த்துப் பார்த்தார். "வளைவுன்னா வளைவுதாம்மா. மூடின உருவத்துல எங்கியும் முறியாது. அதான் அதோட அழகு."

"எனக்கு ஒரு எடத்துல முறியணும் சார்."

"அப்போ கையால திருத்திக்கச் சொல்லு," என்று சொல்லிவிட்டு அவர் கடிகாரத்தைக் காட்டினார். அவளுடைய ஒரு மணி நேரம் முடிந்துவிட்டது. அடுத்த மணிக்காரன் சீனுவாசன் ஏற்கெனவே வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். அக்குளில் செங்கல் கனத்தில் ஒரு புத்தகம்.

தையல்நாயகி கீழே இறங்கினாள். வேறு எங்கே போவது என்று தெரியாமல் பஸ் நிலையத்துக்கே வந்து, ஒரு டீ வாங்கிக்கொண்டு தூண் ஓரமாக நின்றாள். காந்திமதியின் நாற்காலி நினைவுக்கு வந்தது. அதற்கு ஜன்னல் இல்லை. மோசமான வேலை என்றும் சொல்ல முடியாது. "ஹலோ, மொதலாளி வெளிய போய்க்கிறாருங்க" என்று சொல்லிக்கொண்டு எத்தனையோ வருஷம் உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்தே விடலாம் என்பதுதான் பயமாக இருந்தது.

எதிரே ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. பெருமுக்கல் பக்கம் போய் ஊர்களைச் சுற்றிவிட்டு மறுபடி இங்கேயே வந்து சேருகிற பஸ். எல்லோரும் இறங்கிவிட்டார்கள். மீன்கூடையோடு ஒரு பெண் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எறங்குக்கா, வண்டி நின்னுடுச்சி," என்றார் கண்டக்டர்.

"நான் இன்னாத்துக்கு எறங்கணும்? பெருமுக்கல்ல எறங்க வேண்டியவ. கண்ணு அசந்துட்டேன், நீ எழுப்பல. மறுபடியும் அங்கதான போவப்போறே? குந்திக்கினே வர்றேன்."

"தாராளமா குந்து. வேற டிக்கெட்டு வாங்கிக்கோ."

"எதுக்கு வேற டிக்கெட்டு? ஏறினதும் இந்த எடந்தான், இப்ப இருக்கறதும் இந்த எடந்தான். வண்டி சுத்திக்கினு வந்துச்சி. நான் காலக் கீழயே வெக்கலியே!"

வெளியே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "கூடையில இருக்கற மீனும் ஒரு ரவுண்டு அடிச்சிட்டுது கண்டக்டரே, அதுக்கும் சேத்துப் போடு."

"உன் வாயில கருவாட்டத் திணிக்க!" என்றாள் அவள்.

கண்டக்டர் பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "கேளுக்கா. பொறப்புட்ட எடத்துக்கே வந்துட்டா அதே ட்ரிப்பு ஆயிடுமா? ட்ரைவரு எறங்கி டீ குடிக்கப் போய்ட்டாரு பாரு. ஷீட்டுல எழுதியாச்சி, அந்த ட்ரிப்பு முடிஞ்சிடுச்சி. இதே எடத்துல முடியும், இதே எடத்துல புதுசாத் தொடங்கும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

தையல்நாயகியின் டீ வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது.

அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

C தட்டும்போது அவள் கம்ப்யூட்டரிடம் என்ன சொல்கிறாள்? ட்ரிப்பு முடியவில்லை, நிற்காமல் ஓடிக்கொண்டே இரு என்கிறாள். நிற்கப்போவதில்லை என்றால் எந்த டிரைவரும் மூலையில் சட்டென்று ஒடிக்கமாட்டார். அகலமாக வளைத்துத்தான் திருப்புவார். அதையேதான் கம்ப்யூட்டரும் செய்தது. மூடவே சொல்லாமல், புறப்பட்ட புள்ளிக்கே கோட்டைக் கொண்டுவந்து, அங்கே நிறுத்திவிட்டால்? வந்த கோடு வந்த வேகத்தில் முடியும். புறப்பட்ட கோடு தன் போக்கில் புறப்பட்டிருக்கும். இரண்டும் ஒரே இடத்தில், ஒன்றையொன்று தெரியாமல்.

பாதி டீயை வைத்துவிட்டு ஓடினாள்.

மேலே சீனுவாசன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். திரை காலியாக இருந்தது. மடியில் புத்தகம் திறந்திருந்தது. தடித்த மொழிபெயர்ப்பு நாவல்.

"ஒரு பத்து நிமிசம் குடுக்கறீங்களா? ரொம்ப அவசரம்."

"இல்லிங்க, நானும் ப்ராக்டீஸ் பண்ணணும். அடுத்த மாசம் இன்டர்வியூ," என்றான் கண்ணை எடுக்காமல்.

"இப்ப இன்னா ப்ராக்டீஸ் பண்ணிக்கினு இருக்கீங்க?"

அவன் வெட்கப்பட்டான். "இந்த எடம் முக்கியமான எடங்க. கொட்டற பனியில அவன் ஸ்டேஷனுக்குப் போய்க்கினு இருக்கான். ரயிலு கெளம்பறதுக்குள்ள அவளப் பாப்பானா மாட்டானான்னு..."

"இன்னும் எத்தினி பக்கம் இருக்கு?"

அவன் புரட்டிப் பார்த்தான். "இருபத்திரண்டு."

"அது முடியற வரைக்கும் எனக்குக் குடுங்க. அவசரப்படாம படிங்க."

சீனுவாசன் நாற்காலியைவிட்டு நகர்ந்தான். புத்தகத்தோடு சுவரோரம் போய் உட்கார்ந்தபோது அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

பழக்கதோஷத்தில் அடியிலிருந்தே தொடங்கினாள். பன்னிரண்டு புள்ளிகள். பதின்மூன்றாவதாக, முதல் புள்ளிக்கு என்ன எண்களோ அதே எண்களைத் தட்டினாள். விரல் தானாக C-யை நோக்கிப் போனது, இழுத்துக்கொண்டாள். வெறுமனே முடித்தாள். பிறகு ஃபிட்.

மூக்கு இப்போதும் உருண்டைதான். ஆனால் வழவழப்பாக இருக்கவேண்டிய அடிப்பக்கத்தில், அவள் தொடங்கி முடித்த இடத்தில், சின்னதாக ஒரு முறிவு தெரிந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தப்பான இடத்தில் முளைத்திருந்தாலும் அது மூக்குதான்.

எல்லாவற்றையும் அழித்தாள். இந்தத் தடவை மூக்கிலிருந்தே புறப்பட்டாள். கோடு பின்பக்கமாக இறங்கி, அடியைச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து ஏறி, புறப்பட்ட மூக்குக்கே வந்து நின்றது. ஃபிட் தட்டினாள். கம்ப்யூட்டர் யோசித்தது. பதினோரு மூலைகளும் ஒவ்வொன்றாகக் கரைந்தன. பன்னிரண்டாவது கரையவில்லை. திரையின் மேல்பக்கம் ஊசியாக நின்றது.

"C போடலியே?" பின்னால் சக்கரபாணியின் குரல். "இது தொறந்த உருவம்மா. இத நான் ப்ளாட்டருக்கு அனுப்பமாட்டேன்."

"எங்க சார் தொறந்திருக்கு?"

"எங்கயாவது இருக்கும். தள்ளு." அவர் உட்கார்ந்து மூக்கைப் பெரிதாக்கினார். இடைவெளி இல்லை. இன்னும் பெரிதாக்கினார். திரை முழுக்க இரண்டு கோடுகள் வந்து ஒரு புள்ளியில் முட்டிக்கொண்டு நின்றன. இன்னும் பெரிதாக்கினார். நகத்தளவு இடம் ஒரு வயல் அளவு ஆனபிறகும் இடுக்கு அகப்படவில்லை. உள்ளே கோடுகளை நிரப்பும் கட்டளையைக் கொடுத்தார், கசியட்டும் என்று. எல்லாக் கோடுகளும் உள்ளேயே அடங்கி நின்றன.

"மூடியிருக்கு," என்றார் மெதுவாக. "ஆனா மூடியிருக்குன்னு அதுக்குத் தெரியாது."

"ஆமா சார். அதுக்குத் தெரியாம இருக்கறதுதான் எனக்கு வேணும்."

சக்கரபாணி எழுந்துபோய் ப்ளாட்டரில் தாளை அவரே மாட்டினார். பேனா மூக்கிலிருந்து புறப்பட்டு முழுச் சுற்று ஓடி மூக்குக்கே வந்து, டப்பென்று எழும்பி நின்றது. சுவரோரத்திலிருந்து சீனுவாசன் மூக்கை உறிஞ்சினான்.

"ரயிலு போய்டுச்சா?" என்று கேட்டாள் தாளைச் சுருட்டிக்கொண்டே.

"அவனும் அதுலயே ஏறிட்டான்ங்க," என்றான்.

சனிக்கிழமை காலை ராஜாங்கம் படத்தைக் கடைசல் மேசையில் விரித்து, விரலால் ஓரமாகவே தடவிக்கொண்டு போனார். விரல் மூக்கில் வந்து நின்றது.

"இப்பத்தான் கம்ப்யூட்டருக்குப் புத்தி வந்துக்குது."

"அதுக்கில்லண்ணே, எனக்குத்தான் வந்துது. அண்ணே, ஒண்ணு சொல்லட்டுமா? இந்தத் தடவ எங்கனா கை நின்னா வாய மூடிக்கினு வெட்டாதீங்க. என்னக் கூப்புடுங்க."

ராஜாங்கம் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீ கோச்சிக்கமாட்டியே?"

"தப்பா வெட்டினாத்தான் கோச்சிப்பேன்."

"அப்டின்னா இப்பவே சொல்றேன் பாப்பா. மூக்குக்கு அப்பறம் இந்த சரிவு இருக்குதே, இது ரொம்பச் செங்குத்து. எதோ மனசுல உறுத்துது. ஆனா மூக்கு சரி."

"மொதல்ல விழட்டும்ணே. அப்பறம் அதப் பாக்கலாம்."

மத்தியானத்துக்குள் வெட்டி, அரம் போட்டு, தண்டில் மாட்டினார். சாயங்காலம் நாலு மணிக்கு சுப்பராயலு வந்து நின்றார். பட்டறையில் இருந்தவர்கள் எல்லோரும் கையிலிருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். கெடாரிலிருந்து யாரோ கொண்டுவந்திருந்த மூட்டையிலிருந்து ஒரு முறம் மல்லாட்டையை ராஜாங்கம் மேலே கொட்டினார். தையல்நாயகி மெஷினிடமிருந்து நாலடி தள்ளி, முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மோட்டார் ஓடியது. தட்டு ஏறியது. மெதுவாக, யோசித்து யோசித்து ஏறியது. உச்சியில் ஒரு நொடி அப்படியே நிற்பதுபோல் இருந்தது.

டக்.

பருப்பும் ஓடும் ஒன்றாக எகிறின. விசிறிக்காற்று நடுவில் புகுந்து ஓட்டைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் வீசியது. ரோஜா நிறப் பருப்பு தட்டின் நுனிக்கு உருண்டு வந்து கீழே இருந்த கூடையில் சடசடவென்று விழத் தொடங்கியது. டக். மறுபடி. டக். தாளம் தப்பவே இல்லை. யாரோ விசிலடித்தார்கள். பறந்த ஓட்டுத்துகள் தையல்நாயகியின் தலையிலும் தோளிலும் வந்து படிந்தது, தட்டிவிடத் தோன்றவில்லை. அப்படியே நனைகிறவளைப்போல நின்றாள்.

நாற்பது, ஐம்பது தடவை விழுந்திருக்கும். அப்புறம் 'ணங்'கென்று வேறொரு சத்தம். தட்டைத் தாங்கியிருந்த போல்ட்டிலிருந்து ஒரு நட்டு கழன்று தெறித்து, சுப்பராயலுவின் காலடியில் வந்து சுழன்றது. ராஜாங்கம் பாய்ந்து மோட்டாரை நிறுத்தினார்.

சுப்பராயலு குனிந்து நட்டை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு கூடையிலிருந்து ஒரு பிடி பருப்பை அள்ளி, விரலால் கிளறி, ஓடு இருக்கிறதா என்று தேடினார். ஒன்றை வாயில் போட்டு மென்றார்.

"மொத நாளு தாலாட்டுச்சு. இன்னிக்கி ஒதைக்குது," என்றார்.

"சரிவு செங்குத்துன்னு நான் காலைலயே சொன்னேன் மொதலாளி," என்றார் ராஜாங்கம். "பாப்பாவும் கேட்டுக்கிச்சு. மூக்க ஒண்ணும் பண்ண வேணாம். அதுக்கப்பறம் ரெண்டு புள்ளிய லேசா வெளியத் தள்ளினாப் போதும்."

"எவ்ளோ தள்ளணும்?"

ராஜாங்கம் தையல்நாயகியைப் பார்த்தார். தையல்நாயகி கட்டம்போட்ட நோட்டைத் திறந்தாள். "மூணு மில்லி இருக்கலாம் சார். ஆனா தட்டு எவ்ளோ எடை இருக்குதுன்னு பாத்துட்டுத்தான் சொல்லணும். சும்மா குத்துமதிப்பா சொன்னா மறுபடியும் தப்பாப் போவும்."

சுப்பராயலு நட்டை அவளிடம் நீட்டினார்.

"சங்கத்துக்காரங்க புதங்கெழம வர்றாங்க. திங்கக்கெழம மொத பஸ்ஸுக்கே திண்டிவனம் போய் திருத்திக்கினு வந்துடு. சக்கரபாணி கிட்ட நான் பேசி நேரம் வாங்கி வெக்கறேன். ஜல்தி ஆவட்டும்." இரண்டடி போனவர் திரும்பினார். "அந்த டேபிள் லைட்டு எரியலன்னு சொல்லிக்கினு இருந்தியே, அதையும் மாத்தச் சொல்றேன்."

அவர் போன பிறகு ராஜாங்கம் தட்டைக் கழற்றத் தொடங்கினார். தையல்நாயகி தராசைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, ஒரு கை பிடிங்க. மல்லாட்டையோட ஒரு தடவ, வெறும் தட்டு ஒரு தடவ. ரெண்டும் வேணும்."

"பசிக்கலியா உனக்கு? மணி அஞ்சாவப் போவுது."

"பருப்பு கெடக்குதே கூடை நெறய," என்று சொல்லி ஒரு பிடி அள்ளி அவர் கையில் போட்டுவிட்டு, தட்டின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள்.